சாண்டி ஹூக் விரிகுடாவில் கயாக்கில் பெரிய புளூஃபிஷ்: ஒரு வழிகாட்டிச் சேவையின் மதிப்புரை

நியூ ஜெர்சியின் சாண்டி ஹூக் விரிகுடாவில் கயாக் என்னும் சிறு படகில் அமர்ந்து பெரிய புளூஃபிஷ் மீன் பிடிக்கக் கற்றுத்தரும் வழிகாட்டி ஒருவருடன், 2023ஆம் ஆண்டு மே மாதத்தின் இரண்டாம் வாரத்தில் ஒரு முழுக் காலை கடலில் இருந்தேன். அவர் ஒருவராகவே நடத்தும் சிறு தொழில் என்பதாலும், நிறைகளோடு குறைகளையும் எழுதப்போகிறேன் என்பதாலும் அவருடைய பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இத்தகைய சேவையைத் தேடும் தமிழர்கள் எடிசன், பிஸ்காட்டவே பக்கங்களில் சிலர் இருக்கிறார்கள் என்று அறிவேன். பணம் கட்டுவதற்கு முன் எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்திலேயே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். ஐந்து மணி நேரத்துக்கு ஒருவருக்கு 275 டாலர் வாங்கினார். கயாக், தண்ணீர் புகாத டிரைசூட், உயிர்காப்பு அங்கி, தூண்டில், செயற்கை இரை எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம்.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் சேவையின் தரத்தை அளக்கும் கோல் இந்த மீனின் குணம்தான். புளூஃபிஷ், தன் குடும்பத்தில் இன்று உயிரோடு எஞ்சியிருக்கும் ஒரே இனம். ஆஸ்திரேலியாவில் டெய்லர் என்றும், தென்னாப்பிரிக்காவில் எல்ஃப் அல்லது ஷாட் என்றும், துருக்கியில் லூஃபர் என்றும் இதை அழைக்கிறார்கள். நம் ஊர்ச் சந்தைகளில் நான் இதைப் பார்த்ததில்லை. தமிழ் வாசகர்களுக்கு அடையாளம் சொல்வதானால், பாரையின் வலிமையும் சீலாவின் வாயும் கொண்ட மீன் என்பேன். தாடைகளில் வரிசையாக அமைந்த கூரிய பற்கள் இரையைக் கத்தரிபோல் துண்டாக்குகின்றன. பெரியது சிறியதைத் தின்றுவிடும் என்பதால், ஒரே அளவுள்ள மீன்கள்தான் ஒரு கூட்டமாகத் திரிகின்றன. ஆகவே ஒரு பெரிய மீன் கிடைத்த இடத்தில் அடுத்ததும் பெரியதாகவே இருக்க வாய்ப்பு மிகுதி. தூண்டிலில் பிடிபட்ட உலகச் சாதனை மீன், 1972ஆம் ஆண்டு ஜனவரியில் வட கரோலினாவின் ஹாட்டரஸில் கிடைத்தது. அதன் எடை 31 பவுண்டு 12 அவுன்ஸ், அதாவது 14 கிலோவுக்கும் சற்று மேல். நியூ ஜெர்சிக்கு வசந்த காலத்தில் வருபவற்றில் 5 முதல் 7 கிலோ வரை உள்ளவற்றையே பெரியவை என்கிறார்கள். குளிர்காலத்தைத் தெற்கே கழித்துவிட்டுப் பசியோடு வடக்கே வருவதால், இவை தலை பெருத்தும் உடல் மெலிந்தும் இருக்கும். இங்குள்ள தூண்டில்காரர்கள் அவற்றை ரேசர் என்பார்கள். ஆழம் குறைந்த ராரிட்டன் விரிகுடாவும் சாண்டி ஹூக் விரிகுடாவும் நேவசிங்க், ஷ்ரூஸ்பரி ஆறுகளும் வெளிக்கடலைவிட முன்னதாகச் சூடேறுகின்றன. அங்கே திரளும் பங்கர் என்னும் மத்தியைப் போன்ற கொழுப்பு மீனைத் துரத்திக்கொண்டுதான் புளூஃபிஷ் கூட்டங்கள் உள்ளே நுழைகின்றன.

விடியற்காலை 5 மணிக்கு, சாண்டி ஹூக் தீபகற்பத்தின் விரிகுடா பக்கத்துக் கரைக்கு வரச் சொல்லியிருந்தார். வடக்கே 1764ஆம் ஆண்டு முதன்முதலாக ஏற்றப்பட்ட சாண்டி ஹூக் கலங்கரை விளக்கம் தெரிந்தது. அமெரிக்காவில் இன்றும் இயங்கும் கலங்கரை விளக்கங்களில் மிகப் பழமையானது அதுவே. மீன்பிடியைப் பற்றிய பேச்சை எடுப்பதற்கு முன்பே அவர் தண்ணீரின் வெப்பநிலையை அளந்து காட்டினார். 13 டிகிரி செல்சியஸ் இருந்தது. காற்றின் வெப்பத்தைப் பார்த்து உடுத்தக் கூடாது, தண்ணீரின் குளிரைப் பார்த்து உடுத்த வேண்டும் என்றார். குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சை அடக்கி ஆள்வதே போராட்டம். அடுத்த பத்து நிமிடங்கள்வரை கைகால்கள் சொன்னபடி கேட்கும். உடல் வெப்பம் இழந்து நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும் என்று 1, 10, 1 என்னும் கணக்கை விளக்கினார். பிறகு இடுப்பளவு நீரில் என்னையும் உடன் வந்திருந்த இன்னொருவரையும் கவிழச் செய்து, கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தி, குறுக்கே கையை நீட்டி அப்பால் உள்ள விளிம்பைப் பற்றி, காலால் நீரை உதைத்து வயிற்றால் ஏறி, புரண்டு அமரும் முறையை ஒவ்வொருவரையும் மூன்று முறை செய்ய வைத்தார். தூண்டிலைத் தொடுவதற்கு முன்பு இதற்கே அரை மணி நேரம் சென்றது. எனக்கு அதில் சிறிதும் வருத்தமில்லை. இந்த அரை மணி நேரத்தைத் தராத வழிகாட்டியிடம் மே மாதத்தில் எவரும் பணம் கட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கயாக்குகள் ஏறக்குறைய 13 அடி நீளமுள்ளவை. உள்ளே இறங்கி அமராமல் மேலே அமரும் வகை. கட்டுமரத்தில் இடுக்குகள் வழியே அலைநீர் வடிந்துவிடுவதுபோல, இவற்றில் தளத்திலுள்ள துளைகள் வழியே நீர் வெளியேறுகிறது. காலால் மிதித்துச் செல்லும் அமைப்பு என்பதால் கைகள் இரண்டும் தூண்டிலுக்குக் கிடைக்கின்றன. மிதிப்பதிலும் இரு முறைகள் உண்டு. ஒன்று, சைக்கிள்போல் சுற்றி அடியிலுள்ள விசிறியைச் சுழற்றுவது. மற்றொன்று, இரு கால்களையும் மாறிமாறி முன்னே தள்ளி, அடியிலுள்ள இரு சிறகுகளைப் பென்குவினின் சிறகுகளைப்போல் அசைப்பது. இதை ஹோபி நிறுவனம் 1997இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. எங்களுக்குக் கிடைத்தவை சிறகு வகை. ஆழம் குறைந்த திட்டுகளின்மேல் போகும்போது ஒரு மிதியை முழுவதும் முன்னே தள்ளி நிறுத்தினால் சிறகுகள் அடிப்பாகத்தோடு ஒட்டிப் படிந்துவிடுகின்றன என்பதால், இந்த விரிகுடாவுக்கு அது பொருத்தமான தேர்வு. எடை மிகுதி என்பது ஒன்றுதான் இடையூறு: கருவிகளோடு சேர்ந்து ஒருவரால் தூக்க இயலாது, சக்கர வண்டியில் வைத்தே நீர்விளிம்புக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு கயாக்கிலும் உயர்ந்த கம்பத்தில் ஆரஞ்சு நிறக் கொடி, ஊதல், வழுக்காத பிடியுள்ள கத்தி ஆகியவை இருந்தன. அவர் தோளில் வானொலிக் கருவி 16ஆம் அலைவரிசையில் திறந்தே இருந்தது.

புறப்படுமுன் நனையாத வரைபடத்தை விரித்து, லியொனார்டோ ஊரிலிருந்து விரிகுடாவுக்குள் ஏறக்குறைய மூன்று மைல் நீளும் கடற்படை வெடிமருந்துக் கப்பல்துறையைச் சுற்றியுள்ள தடை எல்லையைக் காட்டினார். மீன் அந்தப் பக்கம் போனாலும் நாம் போகக் கூடாது என்பது அவருடைய முதல் விதி. மன்ஹாட்டனுக்கு ஓடும் விரைவுப் படகுகளின் பாதை இரண்டாவது. அவை எழுப்பும் அலையை எப்போதும் முகப்பால் எதிர்கொள்ள வேண்டும், பக்கவாட்டில் வாங்கக் கூடாது. கடல்நீரின் ஏற்ற இறக்கம் இங்கே சராசரி ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வற்றம், அதாவது இறங்கும் நீர், வடக்கு நோக்கி ஓடும்போது காற்று எதிர்த்து வீசினால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும் என்பதால், பத்தரை மணிக்குள் கரை திரும்பிவிடத் திட்டமிட்டிருந்தார்.

மீனைக் கண்டுபிடித்த விதம் எனக்குப் புதிது. கருவியின் திரையைவிடக் கண்ணையும் மூக்கையுமே அவர் நம்பினார். பங்கர் கூட்டம் அமைதியாக இருந்தால் நீரின் மேற்பரப்பில் மழைத்துளி விழுவதுபோல் மெல்லிய சலசலப்பு மட்டுமே தெரியும். அதே கூட்டம் சட்டென்று ஒரு பக்கமாகச் சிதறித் தெறித்தால் அடியில் எதுவோ துரத்துகிறது என்று பொருள். ஏழு மணி அளவில் காற்றில் வெள்ளரிக்காயையும் தர்பூசணியையும் கலந்தாற்போல் ஒரு மணம் வந்தது. புளூஃபிஷ் கடித்துக் குதறிய பங்கரின் கொழுப்பு எண்ணெய்ப் படலமாக மேலே மிதப்பதால் எழும் மணம் அது என்றார். படலம் காற்றோடு நகர்ந்து வருவதால், மணம் வந்த திசையில் காற்றை எதிர்த்து மெதுவாக மிதித்துச் சென்றோம். இருநூறு மீட்டர் தொலைவில் ஆலாக்கள் தலைகீழாகப் பாய்ந்துகொண்டிருந்தன.

கூட்டத்தின் நடுவே நுழையாமல் அதன் விளிம்பிலேயே நின்று எறியச் சொன்னார். 7 அடித் தூண்டில் கோல், 30 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு, அதன் முனையில் 60 பவுண்டு தாங்கும் தடித்த நைலான் நரம்பில் ஒரு கை நீளம், இதுதான் அமைப்பு. கம்பி கட்டவில்லையே என்று கேட்டேன். நீருக்குமேல் தெறித்து ஓடும் பாப்பர் வகை இரையை மீன் பெரும்பாலும் பின்னாலிருந்து கவ்வுவதால் பல் நரம்பைத் தொடுவது குறைவு என்றும், அடியில் ஓடும் உலோகத் தகட்டுக்கே கம்பி கட்டாயம் என்றும் விளக்கினார். ரப்பர் மீன் எதையும் அவர் கொண்டுவரவில்லை. ஒரே கடியில் பாதியாகிவிடும் என்றார். பாப்பரில் தொழிற்சாலை பூட்டி அனுப்பிய மும்முட்களைக் கழற்றி, வாலில் ஒரே ஒரு ஒற்றை முள்ளை மட்டும் பூட்டி, அது கழலாதபடி பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்க்கொக்கியையும் இடுக்கியால் நசுக்கியிருந்தார். மடியருகே மீனைக் கையாள வேண்டிய கயாக்கில் இது எவ்வளவு இன்றியமையாதது என்பதைப் பிற்பாடு அனுபவத்தால் அறிந்தேன்.

நான்காவது எறிதலில் பாப்பருக்குப் பின்னால் நீர் குடம்போல் பொங்கியது. மீன் முதல்முறை தவறவிட்டது. நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருங்கள், திரும்பி வரும் என்று அவர் கூவினார். அவ்வாறே வந்து கவ்வியது. அடுத்த சில நிமிடங்களில் அவர் சொல்லித்தந்தவைதாம் இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு. படகில் நின்று மீன் பிடிப்பவர் கோலை எந்தப் பக்கமும் வளைக்கலாம். கயாக்கில் மீன் பக்கவாட்டில் இழுத்தால் அமர்ந்திருப்பவரின் எடையே கவிழ்வதற்குத் துணை செய்யும். ஆகவே கோலை முகப்புப் பக்கமாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், அப்போது மீன் கயாக்கின் மூக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு தானே இழுத்துச் செல்லும். கயாக் நகர்வதால் அந்த நகர்வே நரம்புக்கு ஒரு தளர்வாக அமைகிறது; கரையில் நின்று பிடிக்கும்போது நரம்பு அறுந்துவிடக்கூடிய இழுப்பை இங்கே கயாக் உள்வாங்கிக்கொள்கிறது. இந்தக் காரணத்தால், நரம்பைச் சுற்றும் ரீலின் இறுக்கத்தை நரம்பின் வலிமையில் கால் பங்குக்குமேல் வைக்க வேண்டாம் என்றார். ஏறக்குறைய முந்நூறு மீட்டர் தொலைவுக்கு அந்த மீன் என்னை இழுத்துச் சென்றது. இரண்டு முறை முழு உடலும் நீருக்கு வெளியே தாவித் தலையை உதறியது. நரம்பு தொய்ந்தால் எதிர்க்கொக்கி இல்லாத முள் கழன்றுவிடும் என்பதால், தாவும்போதெல்லாம் கோலைத் தாழ்த்திச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

அருகே வந்ததும் மீன் கயாக்குக்கு அடியில் பாய்ந்தது. கோலின் நுனியை நீருக்குள் ஆழமாக விட்டு முகப்பைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவரும் வித்தையை முன்பே கரையில் பழக்கியிருந்தார். பழகாதிருந்தால் கோல் விளிம்பில் மோதி ஒடிந்திருக்கும். தாடையைக் கவ்வும் இடுக்கியால் மீனைப் பிடித்து, உடலை நீரிலேயே விட்டு, நீண்ட மூக்குள்ள குறடால் முள்ளை எடுத்தோம். புளூஃபிஷ் கைக்கு எட்டும் தொலைவில் வரும் விரலைக் கடிக்கத் தயங்குவதில்லை. ஆகவே மீனை ஒருபோதும் மடிக்குக் கொண்டுவராதீர்கள் என்பதை அன்று காலை மட்டும் பத்து முறையாவது சொல்லியிருப்பார். நீளம் 86 சென்டிமீட்டர், எடை 5.7 கிலோ. வயிறு முழுதும் நிரம்பிய இலையுதிர்கால மீனாக இருந்தால் இதே நீளத்துக்கு 7 கிலோ வரும் என்றார். தலையை முன்னே வைத்து விட்டவுடன் வாலால் ஒரே அடி அடித்து மறைந்தது. அக்காலையில் நான் இவ்வளவில் மூன்று பிடித்தேன். உடன் வந்த மற்றவர் இரண்டு பிடித்தார்.

குறைகளையும் அதே நேர்மையோடு எழுதியாக வேண்டும். உடன் வந்தவர் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தார். அவருக்காக என்னைக் காக்க வைத்ததால் மேற்பரப்பில் மீன் மிகவும் ஊக்கமாக இருக்கும் விடியல் வேளையில் பெரும்பகுதி கரையிலேயே கழிந்தது. தாமதமாக வருபவருக்கான விதியைப் பதிவுக் கடிதத்திலேயே எழுதிவிடுவது இருவருக்கும் நல்லது. உயரத்தையும் எடையையும் முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தும், எனக்குக் கொடுத்த டிரைசூட் ஓர் அளவு பெரியது. கழுத்துப் பட்டை சற்றுத் தளர்வாக இருந்தது. கவிழும் பயிற்சியில் ஒரு கை அளவு நீர் உள்ளே இறங்கியது. கரையருகே அது சிறிய தொல்லை, ஆனால் நடுக்கடலில் அதையே சிறியது என்று என்னால் சொல்ல முடியாது.

மூன்றாவது குறை இவை இரண்டையும்விடப் பெரியது. ஒன்பது மணிக்கு மீன் மேற்பரப்பை விட்டு ஆழத்துக்கு இறங்கியபோது அவர் ஓர் உலோகத் தகட்டு இரையைக் கொடுத்தார். அதில் மும்முள் அப்படியே இருந்தது. மாற்ற மறந்துவிட்டதாகப் பிறகு ஒப்புக்கொண்டார். பக்கத்தில் வந்த மீன் தலையை உதறியதில் அந்த முட்களில் ஒன்று என் டிரைசூட்டின் முன்கையில் ஏறிக்கொண்டது. மறுமுனையில் ஐந்து கிலோ மீன் துள்ளிக்கொண்டிருந்தது. அவர் உடனே வந்து நரம்பை அறுத்து, மீனைத் தன் இடுக்கியால் பிடித்துக்கொண்டார் என்பதால் துணி கிழிந்ததோடு போயிற்று, தோலில் ஏறவில்லை. கிழிந்த உடைக்கு என்னிடம் பணம் வாங்கவில்லை, வருத்தமும் தெரிவித்தார். எனினும், தாமே இவ்வளவு அழுத்தமாகக் கற்பித்த ஒன்றைத் தம் பெட்டியிலேயே கடைப்பிடிக்கத் தவறியது எனக்கு வேதனையாக இருந்தது. எந்த வழிகாட்டியோடு போனாலும், புறப்படும் முன் இரைப்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி ஒவ்வொரு முள்ளையும் நீங்களே பாருங்கள்.

விதிகளை அவர் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். நியூ ஜெர்சியில் கடலில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடக் கட்டண உரிமம் தேவையில்லை. ஆனால் மாநிலத்தின் இலவசப் பதிவேட்டில் ஆண்டுதோறும் பெயரைப் பதிய வேண்டும். அந்தப் பதிவைக் காட்டிய பிறகே என்னைக் கயாக்கில் ஏற்றினார். ஒரு காலத்தில் ஒரு நாளைக்கு ஒருவர் 15 புளூஃபிஷ் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது; மீன் வளம் குன்றிவிட்டது என்று 2019ஆம் ஆண்டு மதிப்பீடு காட்டிய பிறகு, 2020 முதல் அது கரையிலிருந்தும் சொந்தப் படகிலிருந்தும் பிடிப்பவர்களுக்கு 3 ஆகவும், கட்டணப் படகில் செல்பவர்களுக்கு 5 ஆகவும் குறைக்கப்பட்டது. நான் சென்றபோது இந்த எண்ணிக்கையே நடப்பில் இருந்தது. நீங்கள் புறப்படும் ஆண்டின் விதியை மாநிலத் துறையின் அறிவிப்பில் பார்த்துக்கொள்வது நல்லது. பெரிய மீன்களை எல்லாம் விட்டுவிட்டதற்கு எண்ணிக்கை மட்டும் காரணமன்று. நீண்டகாலம் வாழ்ந்து மற்ற மீன்களைத் தின்று வளர்ந்த பெரிய புளூஃபிஷின் உடலில் பாதரசமும் பிசிபி என்னும் வேதிப்பொருளும் சேர்ந்திருக்கும் என்பதால், அதை மிக அரிதாகவே உண்ணுமாறும், கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் தவிர்க்குமாறும் மாநிலம் அறிவுறுத்துகிறது.

திரும்பும் வழியில் வேறொரு கூட்டத்திலிருந்து கிடைத்த 48 சென்டிமீட்டர் மீன் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். செவுளை அறுத்து உடனே இரத்தத்தை வடித்து, பனிக்கட்டியும் கடல்நீரும் கலந்த பையில் போட்டார். புளூஃபிஷ் நாறும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் செய்யாமல் வெயிலில் விட்டவர்களாகவே இருப்பார்கள். வீட்டில் பக்கவாட்டின் நடுவே தோலை ஒட்டிய கருஞ்சிவப்புச் சதையை நீக்கிவிட்டு, என் மனைவி நல்லெண்ணெயில் வெந்தயம் தாளித்துப் புளிக்குழம்பு வைத்தாள். எண்ணெய்ப் பசை மிகுந்த மீன் என்பதால் புளிப்பையும் காரத்தையும் நன்றாகத் தாங்குகிறது. தேங்காய்ப்பால் சேர்த்தால் திகட்டும்.

நீச்சல் தெரியாதவர்களுக்கும், ஒருமுறைகூடக் கயாக்கில் ஏறியிராதவர்களுக்கும் இந்தச் சேவையைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் முதலில் கோடையில் ஏதேனும் ஓர் ஏரியில் மிதித்துப் பழகட்டும். கயாக் பழகியவர்களுக்கு, கரையிலிருந்து ஆண்டுக்கணக்கில் எறிந்தும் கிடைக்காத நெருக்கம் இங்கே ஒரு காலையில் கிடைக்கிறது; தனியாகப் போய்த் தவறுகளால் கற்றுக்கொள்ளக்கூடிய மீனும் இல்லை, நீரும் இல்லை என்பதால் 275 டாலர் எனக்கு மிகையாகத் தோன்றவில்லை. அடுத்த மே மாதத்துக்கு நான் மறுபடியும் பதிவு செய்துவிட்டேன். டிரைசூட்டை ஒரு வாரம் முன்பே அணிந்து பார்க்க வேண்டும், பெட்டியில் ஒரு மும்முள்கூட இருக்கக் கூடாது, ஐந்தேகாலுக்குமேல் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது என்று கேட்டிருந்தேன். மூன்றுக்கும் ஒப்புக்கொண்டு அவர் பதில் எழுதியிருக்கிறார்.